பெயர் மாறாத சொத்து: அமெரிக்க லிவிங் டிரஸ்டில் விழும் விரிசல்கள்

1920 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஹெலன் பாஸ்ட்விக் ஒரு டிரஸ்ட் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் தொடக்ககாலப் பங்காளியாக இருந்த ஜேபஸ் பாஸ்ட்விக்கின் மனைவி அவர். கணவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தனக்கு வரவேண்டிய பெருந்தொகையை ஃபார்மர்ஸ் லோன் அண்ட் டிரஸ்ட் கம்பெனியின் கையில் ஒப்படைப்பது அவருடைய திட்டம். அன்றைக்கு அவர் டிரஸ்டில் வைத்தது 5,000 டாலர். மீதியை வசூலித்துச் சேர்த்துக்கொள்ளும்படி அதே கம்பெனிக்கு அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுத்தார். சொத்தை மாற்றும் வேலை பாதியில் இருந்தபோது, சில வாரங்களிலேயே இறந்துவிட்டார். 1924இல் வழக்கு நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. தீர்ப்பை எழுதியவர் பெஞ்சமின் கார்டோசோ. ஹெலன் உயிரோடு இருந்தபோது மாற்றி முடித்தவை டிரஸ்டுக்குச் சேரும். மாற்றாமல் விட்டவை சேராது. அந்த அம்மாளின் எண்ணம் எவ்வளவு தெளிவாக இருந்திருந்தாலும் எண்ணம் சொத்தைக் கைமாற்றிவிடாது, அவர் கொடுத்த அதிகாரப் பத்திரமும் அவர் மூச்சோடு போய்விட்டது என்பதே தீர்ப்பின் சாரம்.

நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அமெரிக்கக் குடும்பங்களின் லிவிங் டிரஸ்டுகள் இன்றும் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

கோயிலோ கல்லூரியோ நடத்துகிற அறக்கட்டளையை நினைத்துக்கொண்டு இதைப் பார்த்தால் குழப்பம்தான் வரும். இது முழுக்கக் குடும்பத்துக்குள் நடக்கும் ஏற்பாடு. ஒருவர் தன் வீட்டையும் முதலீடுகளையும் தன் பெயரிலிருந்து ‘இன்னார், இன்ன குடும்ப டிரஸ்டின் டிரஸ்டி’ என்ற பெயருக்கு மாற்றுகிறார். டிரஸ்டை உண்டாக்கியவரும் அவரே, டிரஸ்டியும் அவரே, உயிருள்ளவரை பயனாளியும் அவரே. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், கலைக்கலாம். வருமான வரிக் கணக்கும் பழையபடி அவருடைய சொந்த எண்ணிலேயே போகும். அவர் இறந்தாலோ நினைவு தப்பினாலோ, பத்திரத்தில் குறிப்பிட்ட அடுத்த டிரஸ்டி பொறுப்பேற்று, நீதிமன்றப் படி ஏறாமல் சொத்தை நிர்வகிப்பார், பிறகு பயனாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

நீதிமன்றப் படி ஏறக்கூடாது என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? கலிபோர்னியாவின் கட்டண விகிதத்தைப் பார்த்தால் புரியும். அங்கே உயில் புரொபேட்டுக்கு, அதாவது நீதிமன்ற மேற்பார்வையில் அதை நிறைவேற்றும் நடைமுறைக்குப் போனால் வழக்கறிஞர் கட்டணத்தைச் சட்டமே வரையறுக்கிறது: முதல் 1,00,000 டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1,00,000க்கு 3, அதற்கடுத்த 8,00,000க்கு 2, அதையும் தாண்டினால் அடுத்த 90 லட்சம் டாலருக்கு 1. பத்து லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். உயிலை நிறைவேற்றுபவரும் அதே அளவு கேட்கலாம்; இரண்டும் சேர்ந்து 46,000. வீட்டின் மேல் ஏழு லட்சம் கடன் இருந்தாலும் கணக்கு பத்து லட்சத்துக்குத்தான். மாதங்களும், சில சமயம் ஆண்டுகளும் ஓடும். யார் யாருக்கு எவ்வளவு என்பது பொது ஆவணமாகிவிடும்.

இந்த எரிச்சலைப் பொதுமக்களின் பேச்சாக்கியவர் வழக்கறிஞர் அல்ல. கனெக்டிகட்டைச் சேர்ந்த நிதி ஆலோசகர் நார்மன் டேசி 1965இல் ‘ஹவ் டு அவாய்ட் புரொபேட்’ என்ற தடித்த புத்தகத்தை வெளியிட்டார். அதில் பாதிக்கு மேல் கிழித்தெடுத்து நிரப்பிக்கொள்ளும் படிவங்கள். வழக்கறிஞர் சங்கம் வழக்குப் போட்டு நியூயார்க்கில் விற்பனைக்குத் தடை வாங்கியது. 1967இல் மேல்முறையீட்டில் தடை நீங்கியது. புத்தகமோ அதற்குள் விற்பனைப் பட்டியலின் உச்சியில் இருந்தது. டேசி செய்த நன்மையும் தீமையும் ஒன்றே என்று எனக்குப் படுகிறது: டிரஸ்ட் என்பது நிரப்பிக் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் படிவம் என்ற எண்ணத்தை அவர் ஊன்றிவிட்டார். பின்னால் முதியோரைக் குறிவைத்து விருந்துக் கூட்டம் நடத்தி, தோல் உறைபோட்ட கோப்பில் டிரஸ்ட் விற்றவர்கள் அந்த எண்ணத்தின் மேல்தான் கடை விரித்தார்கள். கோப்பு பளபளக்கும், பின்னிணைப்பில் சொத்துப் பட்டியல் பக்கம் வெறுமையாக இருக்கும்.

டிரஸ்டில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க நினைப்பவர் முதலில் டிரஸ்ட் பத்திரத்தைத் திறந்து படிப்பார். அதைக் கடைசியாகத் திறந்தால் போதும் என்பேன். கோளாறு பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கிறது: கவுண்டி பதிவாளர் அலுவலகத்தில், வங்கியின் கணக்குப் படிவத்தில், வேலை பார்த்த கம்பெனியின் ஓய்வூதியக் கோப்பில். நம்மூரில் மனை வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பதுபோல, டிரஸ்ட் வைத்திருப்பவர் தன் வீட்டின் கடைசிப் பதிவுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெயர் மாறாமல் இருப்பதற்கு மறதி மட்டுமே காரணம் இல்லை. வீட்டுக் கடனை மறுபடி குறைந்த வட்டிக்கு மாற்றும்போது, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பல, வீட்டை டிரஸ்டிலிருந்து வெளியே எடுத்துத் தம்பதியின் சொந்தப் பெயருக்குக் கொண்டுவரச் சொல்கின்றன. கட்டுக்கட்டான காகிதங்களுக்கு நடுவே அந்தப் பத்திரமும் கையெழுத்தாகிறது. கடன் முடிந்ததும் திரும்ப உள்ளே வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. 2020, 2021இல் வட்டி அடிமட்டத்துக்கு விழுந்தபோது கடன் மாற்றியவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோருமே தங்கள் பத்திரத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. டிரஸ்டுக்கு மாற்றினால் கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்வார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. கடன் வாங்கியவரே பயனாளியாக நீடிக்கும் டிரஸ்டுக்குத் தான் குடியிருக்கும் வீட்டை மாற்றுவதற்கு அப்படிக் கேட்கக்கூடாது என்று 1982இன் கார்ன்–செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் தடுத்திருக்கிறது. கலிபோர்னியாவில் இப்படி மாற்றுவதால் சொத்துவரி மதிப்பும் உயராது.

வெளியே விட்ட சொத்து எப்போதும் கைவிட்டுப் போய்விடும் என்றில்லை. 1989இல் ஹால்வர்ட் ஹெக்ஸ்டாட் என்பவர் டிரஸ்ட் எழுதி, மென்லோ பார்க்கில் ஒரு சொத்தில் தனக்கிருந்த 34.78 சதவீதப் பங்கைப் பின்னிணைப்புப் பட்டியலில் சேர்த்தார். தனியாக மாற்றுப் பத்திரம் எதுவும் பதியவில்லை. கொஞ்ச நாளில் மறுமணம் செய்துகொண்டார், டிரஸ்டைத் திருத்தவில்லை, அடுத்த ஆண்டே காலமானார். அந்தப் பங்கு டிரஸ்டில் இல்லை, ஆகவே அதில் தனக்கும் பங்குண்டு என்று மனைவி வாதாடினார். டிரஸ்டை உண்டாக்கியவரே டிரஸ்டியாகவும் இருக்கும்போது, ‘இந்தச் சொத்தை டிரஸ்டியாக வைத்திருக்கிறேன்’ என்று எழுத்தில் அறிவித்தாலே போதும், தனிப்பத்திரம் தேவையில்லை என்று 1993இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதிலிருந்து அந்த மாநிலத்தில் ‘ஹெக்ஸ்டாட் மனு’ என்பது வழக்கறிஞர்கள் வாயில் அன்றாடச் சொல். ஆனால் அந்த மனுவையும் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும், அதற்கும் செலவும் மாதங்களும் ஆகும். எதைத் தவிர்க்க டிரஸ்ட் எழுதினாரோ அதன் வாசலில்தான் பிள்ளைகள் போய் நிற்கிறார்கள்.

மாநில எல்லையைத் தாண்டினால் இந்த ஆறுதலும் இல்லை. நியூயார்க் 1997இல் இயற்றிய சட்டப்படி, டிரஸ்டை உண்டாக்கியவரே ஒரே டிரஸ்டி என்றால், நிலத்துக்குப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும், பங்குகளுக்குப் பெயர் மாறியிருக்க வேண்டும். பட்டியலில் எழுதியது செல்லாது. கார்டோசோவின் நிலம் அது. கலிபோர்னியாவில் டிரஸ்ட் எழுதிவிட்டு வேலை நிமித்தம் நியூஜெர்சிக்கோ டெக்சாஸுக்கோ குடிபெயர்ந்து, அங்கே புதிதாக வீடு வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். டிரஸ்ட் பத்திரம் எல்லை தாண்டினாலும் செல்லும். புது வீடு தானாக அதற்குள் போய் உட்காராது.

வீடும் வங்கிக் கணக்கும் போக, டிரஸ்டுக்குள் வைக்கவே கூடாத சொத்தும் ஒன்று உண்டு. ஓய்வூதியச் சேமிப்பான 401(கே), ஐஆர்ஏ போன்ற கணக்குகளின் உரிமையை டிரஸ்டுக்கு மாற்றினால், முழுப்பணத்தையும் எடுத்துவிட்டதாக வரித்துறை கொள்ளும். இந்தக் கணக்குகளும் ஆயுள் காப்பீடும் நாமினி படிவத்தின்படியே போகும். டிரஸ்டில் என்ன எழுதியிருந்தாலும் கணக்கில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் டேவிட் எகல்ஹாஃப் 1994இல் விவாகரத்தாகி இரண்டு மாதம் சொச்சத்தில் கார் விபத்தில் இறந்தார். போயிங் நிறுவனம் வழியாக வந்த 46,000 டாலர் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் முன்னாள் மனைவியின் பெயரே இருந்தது. விவாகரத்தானால் அந்தப் பெயர் தானாக ரத்தாகும் என்று மாநிலச் சட்டம் சொன்னது. கம்பெனி ஓய்வூதியங்களை ஆள்வது கூட்டாட்சிச் சட்டம், அதன்முன் மாநிலச் சட்டம் நிற்காது என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் முன்னாள் மனைவிக்கே கொடுத்தது. முதல் திருமணத்துப் பிள்ளைகள் வெறுங்கையோடு நின்றார்கள். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டியதில்லை. இருந்தும், டிரஸ்டை மூன்றுமுறை திருத்தியவர்கூட இருபதாண்டுக்கு முன் வேலையில் சேர்ந்த அன்று நிரப்பிய நாமினி படிவத்தை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இனி பத்திரத்தைத் திறக்கலாம். முதலில் பார்க்க வேண்டியது தேதி.

2003க்கு முந்தைய பத்திரமென்றால், மருத்துவ ரகசியம் பற்றிய விதிகள் நடைமுறைக்கு வருவதற்கு முன் எழுதியது. டிரஸ்டிக்கு நினைவு தடுமாறுகிறது என்று இரண்டு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தால் அடுத்தவர் பொறுப்பேற்கலாம் என்று அதில் இருக்கும். ஆனால் அந்த மருத்துவர்கள் குடும்பத்திடம் வாய் திறக்க அனுமதி எங்கேயும் இருக்காது. வாசகம் இருந்தாலும் பிரச்சினை எவ்வளவு கூர்மையாகும் என்பதை 2014இல் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் கூடைப்பந்து அணி கைமாறிய கதை காட்டியது. இனவெறிப் பேச்சு வெளியானதால் அணி உரிமையாளர் டொனால்ட் ஸ்டெர்லிங்குக்கு என்பிஏ வாழ்நாள் தடை விதித்தது. அணி இருந்தது ஸ்டெர்லிங் குடும்ப டிரஸ்டில். கணவனும் மனைவியும் இணை டிரஸ்டிகள். மனைவி ஷெல்லி இரண்டு மருத்துவர்களைக் கொண்டு கணவரைப் பரிசோதித்து, அவர் செயல்படும் நிலையில் இல்லை என்ற சான்றைப் பெற்று, தான் ஒரே டிரஸ்டியாகி, ஸ்டீவ் பால்மருக்கு 200 கோடி டாலருக்கு அணியை விற்க ஒப்பந்தம் செய்தார். டொனால்ட் சும்மா இருக்கவில்லை. தன் மருத்துவ விவரத்தை வெளியிட்டது சட்டமீறல் என்றார். டிரஸ்டையே ரத்து செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஜூலையில் நீதிபதி மனைவி பக்கமே தீர்ப்பளித்தார். ஆகஸ்டில் விற்பனை முடிந்தது.

அந்த வழக்கில் யார் நல்லவர் என்பது வேறு பேச்சு. கவனிக்க வேண்டியது, பத்திரத்தின் நடுவில் யாரும் படிக்காமல் கடந்துபோகிற ஒரு பத்தி 200 கோடி டாலரை நகர்த்தியது என்பது. யார் சான்று தரலாம், குடும்ப மருத்துவரா நிபுணரா, ஒருவரா இருவரா, பரிசோதனைக்கு வர மறுத்தால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தப் பத்தியில் இருக்கிறதா? சாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் டிரஸ்டுகள், மறதி நோயோடு ஒருவர் பத்தாண்டு வாழக்கூடும் என்பதற்கு நாலே வரி ஒதுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

தேதி 2011க்கு முந்தையது என்றால் வரி சம்பந்தமான ஆபத்து இருக்கக்கூடும். இறந்தவரின் சொத்தின் மீது விதிக்கப்படும் மத்திய எஸ்டேட் வரியின் விலக்கு வரம்பு 1998இல் ஆளுக்கு 6,25,000 டாலர்தான். கணவன் இறந்ததும் எல்லாம் மனைவிக்குப் போனால் கணவனின் விலக்கு வீணாகிவிடும். அதனால் வழக்கறிஞர்கள் ‘ஏ–பி’ டிரஸ்டுகளை எழுதினார்கள்: முதலில் ஒருவர் இறந்ததும் டிரஸ்ட் இரண்டாகப் பிரியும், இறந்தவரின் பங்கு யாரும் மாற்ற முடியாத ‘பி’ டிரஸ்டுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். 2011 முதல் விலக்கு 50 லட்சம் டாலரானது. மிச்சமானதை உயிரோடு இருக்கும் துணைக்கு மாற்றிக்கொள்ளவும் வழி வந்தது. 2026இல் விலக்கு ஆளுக்கு 1.5 கோடி டாலர். பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு அந்த வரியே இல்லை. பழைய பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

தொங்கினால் என்ன நஷ்டம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலிபோர்னியத் தம்பதி 2,00,000 டாலருக்கு வாங்கிய வீடு, கணவர் 2015இல் இறக்கும்போது 12,00,000. மூலதன ஆதாய வரிக்காக வீட்டின் அடிப்படை விலை அன்றைய மதிப்புக்கு உயர்ந்துவிடும். பாதி வீடு, 6,00,000, ‘பி’ டிரஸ்டுக்குள் போகிறது. மனைவி 2025இல் இறக்கும்போது வீடு 20,00,000. மனைவியின் பாதிக்கு அடிப்படை விலை மறுபடி உயர்ந்து 10,00,000 ஆகும். ‘பி’ பாதி 6,00,000த்திலேயே நிற்கும். பிள்ளைகள் வீட்டை விற்றால் 4,00,000 டாலர் லாபத்துக்கு வரி கட்ட வேண்டும். 2015இல் விலக்கு 54.3 லட்சம், இல்லாத எஸ்டேட் வரிக்குப் பயந்து, இருக்கிற வரியை இழுத்துப் போட்டுக்கொண்டதாக முடிகிறது.

இதைவிடக் கொடுமையானது சூத்திர வாசகம். மறுமணம் செய்தவர் ஒருவர், ‘எஸ்டேட் வரியில்லாமல் கொடுக்கக்கூடிய அதிகபட்சத் தொகை என் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கு, மீதி மனைவிக்கு’ என்று 1998இல் எழுதியிருந்தால், பிள்ளைகளுக்கு ஆறேகால் லட்சம் என்று மனத்தில் நினைத்திருப்பார். அதே வாசகம் இன்று 1.5 கோடி வரை பிள்ளைகளுக்கு என்று பொருள்படும். மனைவிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. 2010இல் எஸ்டேட் வரியே ஓராண்டு மறைந்தபோது இத்தகைய வாசகங்களைக் காப்பாற்ற மாநிலச் சட்டமன்றங்கள் பல அவசரச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்காக ஏ–பி டிரஸ்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போடவும் கூடாது. ஒரேகானில் மாநில எஸ்டேட் வரி 10 லட்சம் டாலரிலேயே தொடங்குகிறது. மாசசூசெட்ஸில் 20 லட்சத்தில். அங்கே பிரித்து வைப்பதற்கு இன்னும் வேலை இருக்கிறது. மறுமணக் குடும்பங்களிலும் அந்தப் பூட்டுக்குத் தனிக் காரணம் உண்டு.

2019 டிசம்பருக்கு முந்தைய பத்திரங்களில் இன்னொன்று. நாமினி படிவத்தில் டிரஸ்டின் பெயரைப் போட்டு, பிள்ளைகளுக்காக ஐஆர்ஏ பணத்தை டிரஸ்ட் வழியாக வாங்கும்படி எழுதியவர்கள், ‘ஆண்டுதோறும் கட்டாயமாக எடுக்க வேண்டிய தொகையை மட்டும் பிள்ளைக்குக் கொடு’ என்று எழுதுவது வழக்கம். பிள்ளையின் ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகப் போகும் என்பது கணக்கு. அந்த மாதம் இயற்றப்பட்ட செக்யூர் சட்டம் அந்த ஆயுட்கால நீட்டிப்பைப் பெரும்பாலானோருக்கு எடுத்துவிட்டுப் பத்தாண்டு வரம்பு வைத்தது. சேமித்தவர் கட்டாய எடுப்பு வயதுக்கு முன்பே இறந்திருந்தால், ஒன்பது ஆண்டு ஒன்றுமே எடுக்கக் கட்டாயமில்லை. பத்தாம் ஆண்டு முடிவுக்குள் மொத்தமும் வெளியே வந்தாக வேண்டும். ஊதாரிப் பிள்ளையைக் காப்பாற்ற எழுதிய வாசகம், மொத்தப் பணத்தையும் ஒரே ஆண்டில், உச்ச வரியோடு, அவன் கையில் போடும்.

கோளாறு தெரிந்துவிட்டது, திருத்தப் போகிறோம். திருத்தும் கையே புதுக் கோளாறை உண்டாக்குவதும் உண்டு. 2023 ஜனவரியில் பாடகி லிசா மேரி பிரெஸ்லி இறந்தார். எல்விஸ் பிரெஸ்லியின் ஒரே மகள். 1993இல் தொடங்கி 2010இல் முழுமையாகத் திருத்தி எழுதிய அவருடைய டிரஸ்டில் தாய் பிரிசில்லாவும் முன்னாள் வணிக மேலாளரும் டிரஸ்டிகள். சாவுக்குப் பிறகு 2016 தேதியிட்ட திருத்தம் ஒன்று வெளிவந்தது: அந்த இருவரையும் நீக்கி, மகள் ரைலி, மகன் பெஞ்சமின் இருவரையும் டிரஸ்டிகளாக்கியிருந்தது. பெஞ்சமின் 2020இலேயே இறந்துவிட்டிருந்தார். இரண்டே வாரத்தில் பிரிசில்லா நீதிமன்றத்துக்குப் போனார். டிரஸ்ட் கோருகிறபடி திருத்தத்தை லிசா உயிரோடிருந்தபோது தன்னிடம் தரவில்லை, தன் பெயரே எழுத்துப்பிழையோடு இருக்கிறது, சாட்சியோ நோட்டரியோ இல்லை, கையெழுத்து அவருடையதாகத் தெரியவில்லை என்பவை அவர் மனுவில் சொன்னவை. கடைசியில் சமரசமானது, ஆகஸ்டில் நீதிமன்ற ஒப்புதலோடு ரைலி ஒரே டிரஸ்டியானார். குற்றச்சாட்டுகள் விசாரணையில் நிரூபிக்கவும்படவில்லை, தள்ளவும்படவில்லை. ஆனால் அந்த மனுவின் ஒவ்வொரு வரியும் சாதாரணக் குடும்பத்தின் திருத்தத்துக்கும் பொருந்தக்கூடியது.

டிரஸ்டைத் திருத்தும் வழியை டிரஸ்டே சொல்லியிருக்கும். அதைப் படிக்காமல், பத்திரத்தில் ஒரு பெயரைப் பேனாவால் அடித்து ஓரத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடுவது மிகப் பரவலான தவறு. வழியில் கொஞ்சம் பிசகினால் எல்லாம் போய்விடுமா என்பதிலேயே நீதிமன்றங்கள் நெடுங்காலம் பிரிந்து நின்றன. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில், ஹாகர்ட்டி எதிர் தார்ன்டன் வழக்கில், கொஞ்சம் இரக்கம் காட்டியது. அந்த டிரஸ்டின் வாசகம் நோட்டரி முன்பான ஒப்புதலைக் கோரியதாக ஒரு தரப்பு வாதாடியது. திருத்தத்தில் அது இல்லை. டிரஸ்ட் தான் சொல்லும் முறையே ஒரே முறை என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை, ரத்து செய்வதற்குச் சட்டம் தரும் முறைப்படி, அதாவது கையெழுத்திட்டு டிரஸ்டியிடம் கொடுத்து, திருத்தவும் செய்யலாம் என்றது நீதிமன்றம். அந்த இரக்கத்தை நம்பித் திருத்தம் எழுதுவது புத்திசாலித்தனமாகாது. மூன்று நான்கு திருத்தங்கள் சேர்ந்துவிட்டால், ஒன்றையொன்று மறுக்கும் தாள்களைக் கோத்துக்கொண்டிராமல், பழைய தேதியையும் பெயரையும் வைத்துக்கொண்டு பத்திரம் முழுவதையும் திருத்தி எழுதிவிடுவதே மேல். பெயரும் தேதியும் மாறாததால் வீட்டுப் பத்திரத்தையும் கணக்குகளையும் மறுபடி தொட வேண்டியிராது.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென்றே சில விரிசல்கள் உண்டு. ஃப்ரீமான்ட்டிலோ டாலஸிலோ இருக்கும் இளம் தம்பதி, பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, அடுத்த டிரஸ்டியாகச் சென்னையிலிருக்கும் அண்ணன் பெயரைப் போடுவது இயல்பு. அவரைவிட நம்பகமானவர் யார்? அமெரிக்க வரிச்சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. டிரஸ்டின் முக்கிய முடிவுகள் அனைத்தும் அமெரிக்க வரிச்சட்டப்படியான அமெரிக்கர் கையில் இருந்தால்தான் அது உள்நாட்டு டிரஸ்ட். இந்தியக் குடிமகனான அண்ணன் ஒருவரே பொறுப்பேற்றால் அது வெளிநாட்டு டிரஸ்டாகிவிடும். அறிக்கைப் படிவங்களும் கடும் அபராதங்களும் கொண்ட வேறு உலகம் அது. எதிர்பாராமல் இப்படி நேர்ந்தால் பன்னிரண்டு மாதத்துக்குள் டிரஸ்டியை மாற்றிச் சரிசெய்ய விதிகள் இடம் தருகின்றன. அண்ணனே அமெரிக்கக் குடியுரிமை பெற்று அடையாற்றில் வந்து குடியிருப்பவர் என்றால், முடிவெடுப்பவர் அமெரிக்கரா என்ற இந்தச் சிக்கல் மட்டும் எழாது.

இத்தகைய டிரஸ்டின் பின்னிணைப்புச் சொத்துப் பட்டியலில் ‘அடையாறு ஃபிளாட்’ என்று ஒரு வரி இருப்பதும் உண்டு. அதனால் பயனில்லை. அசையாச் சொத்தை டிரஸ்டில் வைக்க, உயில் மூலம் அல்லாதபோது, பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 1882இன் இந்திய டிரஸ்ட் சட்டம். அமெரிக்கக் கோப்பில் எழுதிய ஒரு வரி சென்னைச் சார்பதிவாளர் முன் நிற்காது. ஊர்ச் சொத்துக்கு ஊர்ச் சட்டப்படி தனி உயில் எழுதுவதே வழி. அந்த உயில் அமெரிக்க உயிலையோ, அது இதையோ, ‘முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து’ என்ற வழக்கமான வாசகத்தால் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடியுரிமை மாறும்போதும் டிரஸ்டைப் பார்க்க வேண்டும். துணைக்கு எவ்வளவு சொத்து போனாலும் எஸ்டேட் வரியில்லை என்ற சலுகை அமெரிக்கக் குடியுரிமை பெற்ற துணைக்கு மட்டுமே. கிரீன் கார்டு துணைக்கென அந்தக் காலத்தில் எழுதிய சிறப்பு டிரஸ்ட் வாசகம், அவர் குடிமகளான பிறகு தேவையற்ற சுமை. எதிர்த்திசையில் போனவர்கள் நிலை இன்னும் மோசம். கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூரில் நிரந்தரமாகக் குடியேறியவர், அமெரிக்காவில் விட்டுவந்த கூகுள், ஆப்பிள் பங்குகளுக்கு 1.5 கோடி டாலர் விலக்கு இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் நிரந்தர இருப்பிடம் இல்லாத வெளிநாட்டவருக்கு விலக்கு 60,000 டாலர் மட்டும். எஸ்டேட் வரி பற்றி இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒப்பந்தமும் இல்லை. லிவிங் டிரஸ்டில் வைத்திருப்பது இந்த வரியிலிருந்து ஒரு சென்ட்கூடக் காப்பாற்றாது.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். ஆலோசகர்கள் மூன்று முதல் ஐந்து என்பார்கள். நாட்காட்டியைவிட நிகழ்ச்சிகளை நம்புவதே சரி என்பது என் கட்சி: வீடு வாங்கினால், கடன் மாற்றினால், மாநிலம் மாறினால், திருமணம், மணமுறிவு, டிரஸ்டியாகப் பெயரிட்டவரின் சாவு என்று ஏதாவது நேர்ந்தால் அந்த மாதமே. கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு இருபத்தேழு வயதாகிவிட்டபோதும் சித்தப்பாவே டிரஸ்டி, காப்பாளர் என்று நீடிக்கும் பத்திரங்கள் ஏராளம்.

இவ்வளவும் கணவன் மனைவி இருவரும் உயிரோடிருக்கும்வரைதான். தம்பதியாகச் சேர்ந்து எழுதிய டிரஸ்டில் ஒருவர் இறந்ததும் பெரும்பாலும் அவருடைய பங்கு மாற்ற முடியாததாகிவிடும். எந்த அளவுக்கு என்பது பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. மிஞ்சியிருப்பவர் தன் பங்கை மட்டுமே திருத்தலாம். இது தெரியாமல், கணவர் போன பிறகு மருமகன் மேலுள்ள கோபத்தில் மொத்த வீட்டையும் மகனுக்கு எழுதிவைக்கும் தாயின் திருத்தம் பாதி வீட்டுக்குச் செல்லாது. டிரஸ்டின் ஒரு பகுதி மாற்ற முடியாததாகும் அந்த முதல் சாவிலேயே, 60 நாளுக்குள் பயனாளிகளுக்கும் வாரிசுகளுக்கும் அறிவிப்பு அனுப்பக் கலிபோர்னியச் சட்டம் கோருகிறது. அறிவிப்பு போனால் எதிர்க்க விரும்புகிறவருக்கு 120 நாள் கெடு தொடங்கும். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அறிவிப்பு எதற்கு என்று பல வீடுகளில் அனுப்புவதில்லை. அனுப்பாததால் அந்தக் கெடுவும் தொடங்குவதில்லை. பத்தாண்டு கழித்து அம்மாவும் போன பிறகு, அப்பாவின் பங்கைப் பற்றிய வழக்கு அப்போதுதான் முதல்முறையாக நீதிமன்றத்துக்கு வரக்கூடும்.